தரைத்தகடு

பதினாறு வருடமாக
நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துத் தொகை எழுதுகிறவள் நான்.
கண்ணாடிக்கு இவ்வளவு, கதவுக்கு இவ்வளவு,
முழுச் சேதம் என்றால் கீழே ஒரு கையெழுத்து.
என்னிடம் வந்து கேட்கிறாள் ஜோஸ்லின்,
பதினெட்டு முடிந்த பதினோராம் நாள்,
லைசென்ஸ் அட்டையின் பிளாஸ்டிக் வாசனை போவதற்கு முன்னே,
"அந்த ஜீப்ப வாங்கலாமாம்மா?"

கோவிலம்பாக்கத்தில்
தண்ணீர் லாரி ஷெட்டுக்குப் பின்னால்
வேப்பஞ்சருகு மூடி நின்றது.
தொண்ணூற்றாறு மாடல்.
என் மகளைவிடப் பதினோரு வயது மூத்தது.
"வெள்ளத்தப்போ ராம் நகருக்குள்ள
படகு வர்றதுக்கு முன்னாடி இது போச்சு மேடம்"
என்றார் தணிகாசலம்.
"ஒரே நட பதினேழு பேரு. ரெண்டு ஆடு."

நோட்டை எடுத்தேன். பழக்கம்.
காற்றுப்பை இல்லை.
ஏ.பி.எஸ். இல்லை.
பின்னால் எதிரெதிர் பெஞ்சு, அதற்கெதற்கு பெல்ட் என்றார்.
ஸ்டியரிங்கை இரண்டங்குலம் சுற்றிய பிறகுதான்
சக்கரத்துக்குச் செய்தி போகிறது.
உயரம் அதிகம், அகலம் குறைச்சல்.
வளைவில் வெடுக்கென ஒடித்தால் என்ன ஆகும் என்று தெரியும்.
நான்கு சக்கரமும் வானம் பார்க்க
மல்லாந்து கிடந்த மூன்றைப் படம் எடுத்திருக்கிறேன்.

"போன மாசம் நீ போய்ப் பாத்தியே, அது?" என்றாள்.

அதை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது.
உத்தண்டி தாண்டி, ஈ.சி.ஆரில்,
ஆறு காற்றுப்பையும் விரிந்த வெள்ளைக் கார்.
ஓட்டியவனுக்குப் பத்தொன்பது.
நூற்று முப்பத்தெட்டில் முள் உறைந்திருந்தது.
அவன் அம்மா ஒன்றுதான் கேட்டாள்,
எல்லாம் விரிஞ்சுதா என்று.
விரிந்தது என்றேன்.
அந்தக் கேள்விக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

"இது அறுபதத் தாண்டுனா அழும்மா.
எனக்கு வேற யாரும் சொல்ல வேணாம்."

கோர்ட்டில்கூட என்னை இப்படி யாரும் மடக்கியதில்லை.

ஓட்டிப் பார்த்தாள்.
மேடவாக்கம் மெயின் ரோடு, ஞாயிறு காலை ஏழு மணி.
கிளட்சை மிதிக்க இடுப்பிலிருந்து எழ வேண்டியிருந்தது.
இரண்டாம் கியர் ஒவ்வொரு முறையும்
கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தது.
மேம்பாலத்து ஏற்றத்தில் நின்றே போனது.
பின்னால் மாநகரப் பேருந்து,
ஹாரனிலிருந்து கையை எடுக்காமல்.
ஒரு முழம் பின்னால் உருண்டோம்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்,
சாவியைத் திருப்பினாள்,
இன்ஜினின் கனைப்பைக் காதால் அளந்து
மெல்ல விட்டாள்.
தாண்டிப் போகையில் பேருந்து ஓட்டுநர் எதையோ கத்தினார்.
வசவா, சபாஷா,
டீசல் சத்தத்தில் கேட்கவில்லை.

உச்சிக்குப் போன பிறகுதான்
வலது காலில் காற்று படுவது தெரிந்தது.
என் பக்கம் இல்லாத பிரேக்கை
நான் முழு பலத்தோடு மிதித்திருக்கிறேன்.
துருத் தகடு அப்பளமாய் உடைந்து
செருப்பு முனை வெளியே.
விரலுக்கு ஒரு சாண் கீழே
தார் ஓடியது,
வெள்ளைக் கோடு விட்டுவிட்டு ஓடியது.

"என்னம்மா?"
"ரோட்டப் பாரு."
நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டையைக் கண்டு தணிகாசலம்
தானாகவே பத்தாயிரம் குறைத்தார்.
நோட்டில் 'பரிந்துரை' என்ற இடத்தில்
பேனா நின்றது. மூடினேன்.
நாலு பெல்ட், தலைக்கு மேல் இரும்புக் கம்பி,
தரைக்குப் புதுத் தகடு,
புதுப்பேட்டையில் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"தகடு டிரைவர் சைடு மட்டும் போதுமா மேடம்?"

இந்தப் பக்கம்தான் முதலில் என்றேன்.
கனமாகப் போடச் சொல்லுங்கள்.
கொஞ்ச காலத்துக்கு
நான் மிதிக்க வேண்டியிருக்கும்.